காத்து வருதா?

குளிர்பதனக் கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள்தான் அவனுக்கு டிகிரி என்று பெயர் வைத்தார்கள். படித்து வாங்கிய டிகிரி அல்ல. கல்லூரிப் பக்கம் அவன் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. கிடங்கில் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொரு அறையிலும் எத்தனை டிகிரி குளிர் இருக்கிறது, சுவரில் பதித்த சென்சார் சொல்வது நிஜமா பொய்யா என்று நாள் முழுக்கச் சரிபார்ப்பது அவன் வேலை. பதினாறு வருடம் இதையே செய்ததில் ஆளும் அப்படியே ஆகிவிட்டான். யாராவது "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றால், "எவ்வளவு?" என்று கேட்பான். "உத்தேசமா" என்ற வார்த்தை காதில் விழுந்தாலே முகம் சுருங்கும். அளக்காத எதையும் நம்பக் கூடாது என்பதைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து தங்கை வீட்டுக்கு வந்தபோது கையில் பழமும் இல்லை, இனிப்பும் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதைத் திறந்தால் பிஸ்கட்டும் இல்லை.

"வாங்க மச்சான்," என்று கதவைத் திறந்த மாப்பிள்ளை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன இது, குடல் மாதிரி சுருண்டு கிடக்குது?"

"ஏழு சென்சார் மாப்பிள்ளை. உங்க வீட்டுக் காய்ச்சலை அளந்து பார்க்க வந்திருக்கேன்."

மாப்பிள்ளை கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் கடை. துடைப்பது அவருக்கு வேலை மட்டுமல்ல, பொழுதுபோக்கும் அதுதான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மெல்லிய துணி இருக்கும். பேசிக்கொண்டே எதிராளியின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவார். எதிராளிக்கு அப்புறம்தான் தெரியும்.

காய்ச்சல் என்று அவன் சொன்னது தங்கையின் கம்ப்யூட்டரை. தங்கையைக் குடும்பத்தில் எல்லோரும் சிட்டு என்பார்கள். முப்பத்து நாலு வயதில் அந்தப் பெயர் கொஞ்சம் சிறுத்துவிட்டது, ஆனாலும் யாரும் மாற்றவில்லை. பத்து வருடம் ஒரு டிராயிங் ஆபீஸில் இருந்தவள், ஒன்றரை வருடத்துக்கு முன்பு அதை விட்டுவிட்டு வீட்டிலேயே தனியாகத் தொழில் தொடங்கினாள். ஆசாரிகள் அளவைக் கொடுப்பார்கள். செய்யப்போகும் சமையலறை அலமாரியை, செய்து முடித்த மாதிரியே படமாக்கித் தருவாள். வாடிக்கையாளர் பார்த்துத் தலையாட்டினால்தான் ஆசாரி மரத்தில் கை வைப்பார்.

வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே சாயும், எந்த மூலை பளபளக்கும் என்று மெஷினே கணக்குப் போட்டு அந்தப் படத்தை வரைய மூன்று மணி நேரம் ஆகும். ரெண்டர் என்பார்கள். இவளுடைய மெஷின் ஒரு மணி இருபது நிமிடத்தில் சூடு தாங்காமல் பட்டென்று அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், மறுபடி அணையும். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் மெஷினை ஆறவிட்டு, ஒட்டுப்போட்டுக் கொடுத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆசாரிகள் காத்திருந்து அலுத்து வேறு இடம் போய்விட்டார்கள்.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சமத்தாக ஓடும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளைகள் உண்டே, அந்த ரகம். மூன்று தடவை போய் மூன்று தடவையும் "இதுல ஒண்ணுமே இல்லைக்கா" என்று கேட்டுத் திரும்பி வந்தாள். கடைக்காரர் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். மூடி திறந்திருந்தால் வீட்டிலும் ஓடத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் டைல்ஸ் வெட்டும் பட்டறை இருந்தது. ஒரு வாரம் திறந்து வைத்து ஓட்டியதில் உள்ளே மாவு மில் மாதிரி ஆகி, படத்தைக் கணக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டின் விசிறி சுற்றாமல் நின்றே போயிற்று, அதை மாற்ற வேண்டி வந்தது.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு மேடம் ஃபோன் பண்ணுவாங்க," என்றாள் சிட்டு, அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தபடி. மேடம் என்றால் பழைய ஆபீஸ் மேனேஜர். "என் சீட் காலியாத்தான் இருக்காம். திங்கக்கிழமை வந்து சேர்றியான்னு கேட்டாங்க. அதுக்குள்ள இது ஒரு தடவையாவது முழுசா ஓடிட்டா வரலைன்னு சொல்லிடுவேன். இல்லைன்னா போய்ச் சேர்ந்துட வேண்டியதுதான். இதை யாருக்காவது தள்ளிவிட்டுடலாம்."

அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட அவன் சமாளித்திருப்பான். பால் தீர்ந்துவிட்டது, வாங்கணும் என்கிற குரலில் சொன்னாள். அது அவனுக்கு என்னவோ செய்தது.

அந்த மெஷினில் அவனுக்கும் பங்கு உண்டு. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அவளே கையால் கோத்தாள் என்றாலும், கோத்த அன்று இரண்டு மணி நேரம் ஃபோனில் ஸ்பீக்கர் போட்டு வழிநடத்தியது அவன்தான். இதை அவன் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். பெட்டிக்கு முன்னால் ஒரு விசிறி, பின்னால் ஒரு விசிறி. முன்விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்விசிறி உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ள வேண்டும். வாங்கிய விசிறிகளில் காற்றின் திசை காட்டும் அம்புக்குறி இல்லை. அதனால் சிட்டு தயங்கினாள்.

"எந்தப் பக்கம்னு சந்தேகமா இருக்குண்ணா."

"இதுல என்ன சந்தேகம்? ஆன் பண்ணிக் கையை வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது. மாப்பிள்ளை, முன்னாடி கையை வைங்க. காத்து வருதா?"

"வருது மச்சான். ஜம்முனு வருது."

"அவ்வளவுதான். பின்னாடி? காத்து வெளிய போகுதா?"

"போகுது மச்சான்."

"டைட் பண்ணு சிட்டு. முடிஞ்சுது வேலை."

அப்படித்தான் முடிந்தது. மூன்றாவது வாரத்தில் மெஷின் முதல்முறையாக அணைந்தபோது டிகிரி ஃபோனிலேயே காரணம் கண்டுபிடித்தான். மாப்பிள்ளை அதை மேசைக்கு அடியில் சொருகி வைத்திருக்கிறார், அதுதான். மேசைமேல் ஏற்றினார்கள், அணைந்தது. அப்படியானால் சூட்டைக் கடத்துவதற்காகச் சிட்டு சிப்பின் மேல் பூசிய பேஸ்ட் சரியில்லை, கை நடுங்கியிருப்பாள். துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினாள், அணைந்தது. நாலு தடவை பூசினாள். போன தை மாதமோ மாசியோ, சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவன் இலைக்கு மேலாக ஒரு ஜோக் அடித்தான். "எங்க சிட்டு கை ராசி அப்படி. ஃபேனைத் தொட்டா புழுங்கும், ஃப்ரிட்ஜைத் தொட்டா கொதிக்கும்." பந்தியே சிரித்தது. சிட்டுவும் சிரித்தாள். அதன்பிறகு குடும்பத்தில் எது ரிப்பேர் ஆனாலும் சிட்டு தொட்டாளா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இப்போது அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதல் காரியமாக ஒரு டம்ளரில் பனிக்கட்டியை நொறுக்கிப் போட்டுத் தண்ணீர் விட்டு, ஏழு சென்சார்களையும் ஒவ்வொன்றாக அதில் முக்கினான். ஒவ்வொன்றும் மிளகு அளவுதான், நீள ஒயரின் நுனியில் தொங்கும், மறுநுனியில் எண் காட்டும் சின்ன மீட்டர். ஏழும் பூஜ்யம் காட்டின. உருகும் பனிக்கட்டி பொய் சொல்லாது. அதன் முன்னால் நிற்கும் சென்சாரும் பொய் சொல்ல முடியாது.

"மெஷினே தன் சூட்டைக் காட்டுமே மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"அது சிப்போட சூடு. ஜுரம் இருக்குன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. எனக்குக் காத்தோட சூடு வேணும். எங்க குளுமையா நுழையுது, எங்க சூடாகுது, எங்க வெளிய போகுது. வழிநெடுக ஆள் நிறுத்தினாத்தான் திருடன் எந்த வழியா வந்தான்னு தெரியும்."

ஆள் நிறுத்தினான். ஒன்றாம் நம்பர் முன்பக்கம், தூசி வலைக்கும் விசிறிக்கும் நடுவில். இரண்டு, டிஸ்க் பக்கத்தில். மூன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு மேலே. நாலு, சிப்பின் விசிறி மூச்சு இழுக்கும் இடத்தில். ஐந்து, பின்விசிறியின் வாயில். ஆறு, மேல்மூலையில். ஏழாவதை வெளியே நாற்காலிக் கையில் தொங்கவிட்டான், அறையின் சூட்டுக்கு. மிளகு இரும்பைத் தொடக் கூடாது. தொட்டால் இரும்பின் சூட்டைச் சொல்லும். ஒயர் விசிறி இறக்கையில் சிக்கக் கூடாது. வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒயரை மட்டும் ஒட்டி, மிளகைக் காற்றில் நிற்கவிட்டான். எல்லா ஒயரையும் சேர்த்துக் கட்டிப் பின்பக்கத்துச் சந்து வழியாக வெளியே எடுத்தான். கடைசியில் மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவும் முடுக்கினான். மூடாமல் அளப்பது கடைக்காரர் வேலை.

முன்பக்கத் தூசி வலையைக் கழற்றியபோது மாப்பிள்ளை அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பாருங்க மச்சான். எதிர்ல டைல்ஸ் பட்டறை, ஜன்னல் கம்பியில விரல் வச்சா ஒட்டுது. இதுல ஒரு பொட்டுத் தூசி? வாரா வாரம் துடைக்கணும்னு எடுப்பேன், துடைக்க ஒண்ணும் இருக்காது."

"மனுஷன்னா இப்படி இருக்கணும் சிட்டு," என்றான் டிகிரி மனதார. பின்பக்கத்துச் சந்துகளில் மட்டும் தூசி மீசை மாதிரி படிந்திருந்தது. மாப்பிள்ளை கை அங்கே எட்டாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்குச் சிட்டு ரெண்டர் வேலையைத் தொடங்கினாள். அவன் நோட்டும் பேனாவுமாகக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினான். அறை முப்பது. மற்ற எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. கார்டுக்கு மேலே ஐம்பத்தாறு, மூலையில் ஐம்பத்து மூன்று. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒன்றாம் நம்பர்தான் இடித்தது. வெளிக்காற்று நுழைகிற வாசலில் நிற்கும் சென்சார், அறைச் சூட்டைவிட ஒன்றிரண்டு கூடக் காட்டலாம். இது நாற்பத்து நாலு காட்டியது. பின்வாசலில் நிற்கும் ஐந்தாம் நம்பரும் ஏறக்குறைய அதே. நாலு இருபத்து மூன்றுக்கு மெஷின் அணைந்தது. சிட்டு மேசையில் இருந்த பழைய நோட்டில் ஒரு வரி எழுதி மூடி வைத்தாள்.

"ஒண்ணாம் நம்பர் கெட்டுப்போச்சு," என்றான் டிகிரி. வாழ்நாளில் அவன் சென்சார் அவனுக்கே துரோகம் செய்வது அதுதான் முதல் தடவை. அதைக் கழற்றி மறுபடி பனிக்கட்டித் தண்ணீரில் முக்கினான். பூஜ்யம். சூடான தண்ணீரில் மற்றொன்றோடு சேர்த்து முக்கினான். இரண்டும் ஒரே எண். அன்று ராத்திரி அவன் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஒன்றையும் ஐந்தையும் இடம் மாற்றி வைத்து மூடி, மெஷினை ஓட்டினான். அரை மணி நேரத்தில் முன்வாசல் மறுபடி நாற்பதைத் தாண்டியது. ஆக, ஆளை மாற்றினாலும் சாட்சி மாறவில்லை. வாசலில் நிஜமாகவே சூடான காற்றுதான் இருக்கிறது. அது எங்கிருந்து வரும்?

மாப்பிள்ளை பால் வாங்கப் போயிருந்தார். சிட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் முன்னால் குனிந்து, வலைக்கு வெளியே உள்ளங்கையை வைத்தான். காற்று வந்தது. ஜம்மென்று வந்தது. வெதுவெதுப்பாக, அவன் கையை நோக்கி.

கையை எடுத்தான், மறுபடி வைத்துப் பார்த்தான்.

வருது. மாப்பிள்ளை அன்றைக்குச் சொன்னது சத்தியமான வார்த்தை. கைக்குக் காற்று வந்தது, வருது என்றார். ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த இவன் மனதளவில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வருது என்றால் உள்ளே வருது. பின்பக்கமும் அதே கை, அதே காற்று. ஆனால் அங்கே இவன் "வெளிய போகுதா?" என்று கேட்டதால் போகுது என்றார். ஒரே காற்றுக்கு முன்னால் ஒரு பேர், பின்னால் ஒரு பேர். இரண்டு பேரையும் வைத்தவன் இவன். இரண்டு விசிறியும் ஒன்றரை வருடமாகப் போட்டி போட்டுக்கொண்டு வெளியேதான் ஊதிக்கொண்டிருந்தன. பாவம் அந்தப் பெட்டி, சந்து பொந்தில் கிடைத்த காற்றை மூக்கடைத்தவன் மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது. சந்துகளில் தூசி மீசை முளைத்ததும் அதனால்தான், மாப்பிள்ளையின் வலை பளிச்சென்று இருந்ததும் அதனால்தான்.

பதினாறு வருடம் அளந்தவன், ஒரு தாளைக் கிழித்து வலைமேல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. காத்து வருதா என்று கேட்டான், வருது என்ற பதிலை நம்பினான். உத்தேசமா.

மெஷினை அணைத்தான். திருப்பிப் போட நாலு ஸ்க்ரூ, ஐந்து நிமிட வேலை. அவர்கள் வருவதற்குள் முடித்துவிடலாம். தூசி அடைத்திருந்தது, சுத்தம் பண்ணினேன், சரியாகிவிட்டது என்றால் கேள்வி வராது. மாப்பிள்ளைக்கு மட்டும் தூசி என்றால் ரோஷம் வரும். அப்படியானால் ஒயர் குறுக்கே கிடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சப்பைக்கட்டு கட்ட வழிக்கா பஞ்சம்? முன்மூடியைக் கழற்றினான். முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவதும் வந்தது. அதை எங்கே வைப்பது என்று மேசையில் இடம் தேடியபோது கை சிட்டுவின் பழைய நோட்டில் பட்டது.

மெஷின் அணைந்த ஒவ்வொரு தடவையையும் அதில் எழுதியிருந்தாள். தேதி, நேரம், என்ன செய்தேன் என்று சின்னச் சின்ன எழுத்தில். 'பேஸ்ட் மாத்தினேன். இந்தத் தடவை மெல்லிசா.' 'ஜன்னலை மூடினேன்.' 'ஜன்னலைத் திறந்தேன்.' 'மறுபடி பேஸ்ட். கையைக் கழுவிட்டு.' ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'கல்யாணத்துல அண்ணா சொன்னது சரிதானோ. கை ராசி.' கடைசியாக நேற்றைய தேதி. '4.23. போதும்.'

'கையைக் கழுவிட்டு' என்ற வரியை அவன் இரண்டு தடவை படித்தான். கையை எதற்குக் கழுவினாள் என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை கிடையாது அதற்கு.

கழற்றிய ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படி வரைக்கும் போய்க் கூப்பிட்டான். "சிட்டு. கொஞ்சம் கீழ வா."

அவள் ஈரக்கையோடு வந்தாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. "முன்னாடி ஃபேன் திரும்பி மாட்டியிருக்கு. உள்ள இழுக்க வேண்டியது வெளிய ஊதுது. மாட்டச் சொன்னது நான். அன்னைக்கு ஃபோன்ல நான் கேட்டதே தப்பு. நீ பூசின பேஸ்ட்ல ஒரு குறையும் இல்ல. உன் கையில ஒரு குறையும் இல்ல."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. குனிந்து விசிறியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மேசையில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணரை வருஷம்ணா."

"ம்."

"எனக்கு அன்னைக்கே சந்தேகமா இருந்துச்சு. கேட்டேனே. இதுல என்ன சந்தேகம்னு சொன்னியே."

"சொன்னேன்."

"என்னைப் பார்த்து எல்லாரையும் சிரிக்க வச்சே. நானும் ஈன்னு சிரிச்சேன்." அவள் குரல் உயரவில்லை, ஆனால் கோபத்தில் மூக்கு நுனி சிவந்துவிட்டது. "ஸ்க்ரூ டிரைவரைக் கொடு. நீ தொடாதே."

பால் பாக்கெட்டோடு உள்ளே வந்த மாப்பிள்ளைக்கு இருவர் முகத்தையும் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நான் சொன்னதுதான் தப்பா மச்சான்? வருதுன்னேனே."

"உங்க கைக்கு வந்தது, வருதுன்னீங்க. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி மாப்பிள்ளை. கேட்டவன் வாயில கொள்ளி."

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாமல் பால் பாக்கெட்டைத் துடைத்தார்.

சிட்டு விசிறியைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். அவசரப்படாத, பழகின கை. டிகிரி பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான். இதற்கு முன்பு அவன் அந்தக் கை வேலை செய்து பார்த்ததே இல்லை, ஃபோனில் கேட்டதுதான். மூடியையும் போட்டுவிட்டு அவள் மெஷினை ஆன் செய்தாள்.

"காத்து..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

மாப்பிள்ளை லென்ஸ் துடைக்கும் துணியை விரித்து வலைக்கு முன்னால் தொங்கவிட்டார். துணி சட்டென்று போய் வலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கையை எடுத்தார். விழவில்லை.

"வரலை மச்சான்," என்றார் மெல்ல. "உள்ள போகுது."

எட்டு முப்பத்தைந்துக்கு ரெண்டர் தொடங்கியது. அறை முப்பது, முன்வாசல் முப்பத்தொன்று. அரை மணியில் கார்டுக்கு மேலே நாற்பத்து மூன்று வரைக்கும் ஏறி அங்கேயே நின்றது. டிகிரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினான். சிட்டு அவனோடு பேசவில்லை. சமையலறைக்குப் போனாள், வந்தாள், திரையைப் பார்த்தாள், போனாள். எதிர்ப் பட்டறையில் டைல்ஸ் வெட்டும் இரைச்சல் தொடங்கியது. ஒன்பது ஐம்பத்தைந்து, வழக்கமாக அணைகிற நேரம். மூன்று பேரும் தற்செயலாக வந்தது போல மேசை முன்னால் வந்து நின்றார்கள். ஒன்பது ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. மாப்பிள்ளை பத்து மணிக்கு மூச்சு விட்டார். திரையில் ஒரு சமையலறை, இருட்டிலிருந்து கட்டம் கட்டமாக வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு முடிந்தது. ஒட்டு இல்லாத முழுப்படம். அலமாரிக் கதவில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. சிட்டு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுதினாள். அவன் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அவளே அதை மூடாமல் வைத்துவிட்டுப் போனாள். '11.42. முடிஞ்சுது. ஃபேன்.'

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஃபோன் அடித்தது. அவள் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?" என்றது மேடத்தின் குரல். அவசரமில்லாத, நல்ல குரல்தான். "உன் மேசையைக்கூடத் துடைச்சு வச்சிருக்கேன். வர்றியா?"

"வரலை மேடம்," என்றாள் சிட்டு.

"நல்லா யோசிச்சியா?"

"அளந்தே பார்த்துட்டோம் மேடம்."

மேடத்துக்கு அது புரிந்திருக்காது. சரிம்மா, நல்லா இரு என்று வைத்துவிட்டார். சிட்டு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஃபோனை அண்ணன் பக்கமாக மேசையில் தள்ளினாள். காலையில் 'நீ தொடாதே' என்றதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அன்னைக்குப் பந்தியில எத்தனை பேர் இருந்தாங்க?"

டிகிரி உத்தேசமாகச் சொல்லப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினான். "பதினொரு பேர்."

"முதல்ல பெரியம்மா. ஸ்பீக்கர்ல போடு."

அவன் போட்டான். நாலு தடவை மணி அடித்து, பெரியம்மா எடுத்து, யாரு, சிட்டுவா, என்ன, மறுபடி மெஷின் புட்டுக்கிச்சா என்று சிரித்தார்.

"நான் பேசறேன் பெரியம்மா," என்றான் டிகிரி. தொண்டையைச் செருமிக்கொண்டான். "அது புட்டுக்கிட்டது இவளால இல்ல. என்னால."